ஒரே மூட்டு, இரண்டு அபிப்பிராயம்

"இன்னும் ரெண்டே படிதாம்மா, விட்றாத" என்றான் பெரியவன், போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே. பின்னால் சின்னவன், அம்மா எந்த நேரம் சாய்ந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகச் சக்கர நாற்காலியோடு நின்றான்.

பிசியோதெரபி அறையில் இருந்த மற்ற நோயாளிகள் காலை நீட்டியது நீட்டியபடி இந்தக் காட்சியைப் பார்த்தார்கள். கொஞ்சம் வயிறும் எரிந்தது. முட்டியை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், இப்படி முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாகத் தாங்கும் பிள்ளைகளுக்கு எங்கே போவது?

கம்பியைப் பிடித்தபடி டீச்சரம்மா மேல்படியில் கால் வைத்தார். ஒரு காலத்தில் விசில் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுவதையும் மைதானத்தில் ஓடவிட்ட விளையாட்டு டீச்சர். ஓடியவர்கள் நன்றாக இருந்தார்கள், ஓடவிட்டவரின் முட்டிதான் தேய்ந்துபோனது. கணவர் தவறியதும், "முட்டி சரியாகுற வரைக்கும்" என்று சொல்லிப் பெரியவன் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். அவருடைய சொந்த வீட்டில் ஒரு டியூஷன் சென்டர் வாடகைக்கு வந்தது.

முட்டி சரியாவதாக இல்லை. கடைசியில் பெரியவனே டாக்டரைப் பார்த்து, நாள் குறித்து, ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தான். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று சொந்தபந்தம் முழுக்கப் பேசிக்கொண்டது.

பயிற்சிக்கு வரும்போதெல்லாம் டீச்சரம்மா பிசியோ பெண்ணிடம் எதையாவது கேட்பார். குனிந்து கீழ் அலமாரியைத் திறக்கலாமா, எக்கி நின்று கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடலாமா, யாராவது பெல் அடித்தால் சட்டென்று எழுந்து போகலாமா. அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றையும் செய்ய வைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் இருவரும் அந்த நேரத்தில் போனில் இருப்பார்கள்.

இன்று கடைசிப் பயிற்சி. "ஆஸ்பத்திரியில எல்லாரையும் கேக்கச் சொல்லியிருக்காங்க" என்று சிரித்தாள் பிசியோ பெண். "ஆபரேஷன் திருப்தியாம்மா?"

கேள்வி டீச்சரம்மாவுக்கு. பதில் பெரியவனிடமிருந்து வந்தது. பரம திருப்தி, அம்மா மான் மாதிரி ஏறுகிறாள், இனி எந்தப் படியாக இருந்தாலும் கவலையே இல்லை என்றான்.

சின்னவன் விடவில்லை. மூன்றாவது படியில் அம்மா முகத்தைச் சுளித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தானாம். இதெல்லாம் பொம்மைப் படி, இதில் ஏறியதை வைத்து மூன்று மாடி ஏறிவிடுவார் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று பிசியோ பெண்ணிடமே மல்லுக்கு நின்றான்.

"மூணு மாடியா? எந்த மூணு மாடி?" என்று அவள் விழித்தாள்.

பெரியவன் போட்டு உடைத்தான். தம்பி குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அம்மாவால் படி ஏற முடியாது என்ற ஒரே சாக்கில் இத்தனை காலம் தப்பித்துவிட்டான். அந்தச் சாக்கைத்தான் அண்ணன்காரன் டாக்டரை வைத்து அறுத்து எடுத்திருந்தான். போனில் படம் பிடித்தது பெருமைக்கு அல்ல, சாட்சிக்கு.

"இத்தன வருஷம் நான் பாத்தாச்சு. இனிமே நீ பாரு" என்றான் பெரியவன்.

"விடியறதுக்கு முன்னாடியே லைட்டப் போட்டு வீட்டையே எழுப்பி விடுறாங்கன்னு உனக்குக் கடுப்பு. அதுக்கு என் தலையில கட்டுறியா?"

இரண்டு பேரும் அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டேதான் பேசினார்கள். வயிறு எரிந்த நோயாளிகளுக்கு இப்போது சற்றுக் குளிர்ந்தது. ஒருவர் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், காதை மட்டும் திருப்பவில்லை.

டீச்சரம்மா கம்பியைத் தொடாமலேயே படியிறங்கி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து வெள்ளைக் கான்வாஸ் ஷூவை எடுத்து, தானே குனிந்து கயிறு கட்டினார். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்ற பிசியோ பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"மூட்டுக்கு நூத்துக்கு நூறு போட்டுக்கோம்மா. கூட வந்த ரெண்டுதான் பெயில்."

பெரியவன் சிரித்துச் சமாளித்தான். கோபத்தில் ஏதோ பேசிவிட்டோம், நீயே சொல்லும்மா, இப்போது வண்டியை எந்த வீட்டுக்கு விடுவது என்று கேட்டான். சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வண்டிக்கு நானே சொல்லிட்டேன், வாசல்ல நிக்குது. என் வீட்டுக்குப் போறேன்."

அங்கே டியூஷன் சென்டர் இருக்கிறதே என்று பெரியவன் இழுத்தான். ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றைக்கே அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாகவும், நேற்று சாவி கைக்கு வந்துவிட்டதாகவும் டீச்சரம்மா சாவதானமாகச் சொன்னார்.

வெகு காலத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் பேசினார்கள். தனியாக எப்படி, ஊர் என்ன சொல்லும், நாங்கள் எதற்கு இருக்கிறோம் என்றெல்லாம் கேட்டார்கள். இவ்வளவு பாசத்துக்கு நடுவிலும் இரண்டு முகத்திலும் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததை அந்த அறை முழுக்கப் பார்த்தது. டீச்சரம்மாவும் பார்த்தார்.

"நாங்களும் வந்து நாலு நாள் இருக்கோம்மா" என்றான் பெரியவன், போகிற போக்கில்.

வாசல் வரை விடுவிடுவென்று போய்விட்டவர் திரும்பினார்.

"பாக்க வாங்கடா. தங்க எடம் கிடையாது."