பன்னிரண்டு பாகம்

கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார் அவர்.

ரெஜினா டீச்சர் தயங்கினார். பொருள்களைத் தொடக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியதே டீச்சர்தான்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய சங்குக் கிட்டங்கியை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். ஒரே நீளக் கூடம். சுவரோரம் கடலில் மூழ்க உதவும் குளிக்கற்கள், சங்குப் பைகள், செத்துப்போனவர்களின் புகைப்படங்கள்.

நடுவில் அந்தக் கயிறு. அதன் முன்னால் ஒரு வெற்று அட்டை.

அந்த அட்டைதான் அவரை வரவழைத்தது. ஊரே வந்து பார்க்கிற இடத்தில் தன் அப்பாவின் கயிறு பெயரில்லாமல் கிடப்பதா? சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். முந்தின நாளே எழுதி, இரண்டு முறை திருத்தி, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தார்.

கயிற்றுக்காரர் வீட்டு இன்னாசி பிடித்த கயிறு. கடலடிப் பாறையில் உரசி அறுந்தது.

வீட்டுப் பேருக்கே பாதி அட்டை போய்விடும் என்றார் டீச்சர்.

அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் படகில் இருந்து பிடிப்பான்; கீழிருந்து ஓர் இழுப்பு வந்ததும் மேலே தூக்குவான். தன் தங்கை தாலியறுக்க எவனுக்கும் மனம் வராது. அந்த நம்பிக்கையில்தான் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார்கள். மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டுக் கை கயிற்றை நழுவவிட்டது கிடையாது.

ஒரே ஒரு முறை அறுந்தது. சலேத் அத்தையின் புருஷன் பிலவேந்திரன் மாமா மேலே வரவில்லை. அப்போது அவருக்கு எட்டு வயது.

அறுந்த கயிற்றுக்கு யார் என்ன செய்ய முடியும்?

படகில் மிஞ்சிய பாதிக் கயிற்றை அத்தை தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்தது. பார்த்தவர் யாரும் இல்லை. சாவதற்கு முந்தின வருஷம் அவளே கொண்டுவந்து டீச்சரிடம் கொடுத்திருந்தாள்.

எத்தனை பாகம் மிச்சம் என்பதையும் அட்டையில் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் திறக்கச் சொன்னார்.

டீச்சர் திறந்தார்.

நார் கறுத்து இறுகியிருந்தது. இடுப்பில் மாட்டும் சுருக்கு ஒரு முனையில். அதை டீச்சர் பிடித்துக்கொண்டார். அவர் இரு கைகளையும் அகல விரித்தார். ஒரு பாகம்.

இரண்டு.

மூன்று.

ஆறு வந்தபோது பாதி தாண்டிவிட்டது என்று நினைத்தார்.

ஒன்பதில் கை நின்றது. பிறகு அளந்தது.

பன்னிரண்டு.

கடைசியில் ஒரு முடிச்சு. படகில் இருப்பவன் கைக்கு நழுவாமல் போடுகிற முடிச்சு. உள்ளங்கை அளவு. அவர் அப்பாவின் உள்ளங்கை பெரியது.

அப்பாவின் கயிறு பன்னிரண்டு பாகம். மாமாவின் இடுப்பில் இருந்த சுருக்கு ஒரு முனையில், அப்பாவின் கை முடிச்சு மறுமுனையில்; இடையில் எங்கும் அறுபடவில்லை.

அவர் மறுபடி அளந்தார்.

மாமாவின் உடல் மூன்றாம் நாள் தெற்கே ஒதுங்கியது. அப்பாவுக்குக் காய்ச்சல். அடையாளம் காட்ட அத்தை மட்டும் போனாள். திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் ஈரமான ஒரு துணி மூட்டை இருந்தது. ஈரம் சேலையில் இறங்கியிருந்தது. அதை அவர் பார்த்திருக்கிறார்.

முழுக் கயிறும் மாமாவோடு போயிருந்தது.

அப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. துக்கம் என்றார்கள். அத்தை அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷம் அப்பாவுக்கு மதியச் சோறு அவள்தான் போட்டாள். தட்டை வைத்துவிட்டு, அவர் தின்று முடிக்கும்வரை நிற்பாள். அப்பா ஒரு நாளும் தலை நிமிர்ந்தது இல்லை.

அதை மரியாதை என்று நினைத்திருந்தார்.

ஜன்னலில் கடற்காற்று மோதியது. சுவரில் புகைப்படங்கள் ஆடின. எந்த முகத்தையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கயிற்றைக் கொடுத்தபோது அத்தை ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

"அட்டையில என்ன எழுதணும் பெரியம்மான்னு கேட்டேன்" என்றார் டீச்சர். "நீ ஒண்ணும் எழுதாத, எங்க அண்ணன் மவன் வருவான்னு சொன்னாவ. அவன் எழுதச் சொல்லுறத எழுது. எடுத்துட்டுப் போறேன்னா குடுத்துரு. ரெண்டுல எதுன்னாலும் நீ கேள்வி கேக்கப்பிடாதுன்னாவ."

பெட்டி திறந்தே இருந்தது. வாசலில் அவர் வந்த ஆட்டோ நின்றது. கயிறு ஒரு பைக்குள் அடங்கிவிடும். வீட்டின் பெயர் வீட்டின் பெயராகவே இருந்துவிடும்.

அவர் தாளை வாங்கினார். பேனாவைத் திறந்தார். முதல் வரியை அப்படியே விட்டார். அப்பாவின் பெயரின் மேல் பேனா ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது.

இரண்டாவது வரியை அடித்தார். அதன் கீழே எழுதினார்.

முழுக் கயிறு. பன்னிரண்டு பாகம்.

இந்தக் கரையில் அதைப் படிக்கிற எவருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சர் படித்தார். அத்தை சொன்னபடியே எதுவும் கேட்கவில்லை. கூடத்தின் மறுகோடிக்குப் போய், சுருக்கு முனையிலிருந்து கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். தரையில் கிடந்த கயிறு ஊர்ந்து, நிமிர்ந்து, இறுகியது.

இடக்கையிலிருந்து அவர் இன்னும் விடாத முடிச்சில் ஓர் இழுப்பு.

"விடுங்க மாமா, நான் வச்சுருதேன்" என்றார் டீச்சர்.

கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, அவர் இழுக்க ஆரம்பித்தார்.