மூன்றாம் பாகம்

வினிதா விழுந்து கிடந்தாள். ஆனந்தராஜ் திரும்பிப் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டிப் போனான்.

"அண்ணே, தூக்கிவிடு."

"முடியலம்மா. எந்தப் பட்டன அமுக்கினாலும் குனிய மாட்டேங்குறான். இதுல அத எடுத்துட்டானுங்க போலருக்கு."

டி.வி. திரையைக் குறுக்கே ஒரு கோடு இரண்டாகப் பிரித்திருந்தது. மேல் பாதியில் அவனுடைய சிப்பாய் துப்பாக்கியை நீட்டியபடி ஓடிக்கொண்டிருந்தான். கீழ்ப் பாதியில் அவளுடைய சிப்பாய் மண்ணில் கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு, இந்த விளையாட்டின் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் அண்ணனும் தங்கையும் இதே தருமபுரம் வீட்டில் உட்கார்ந்து ஆடி முடித்தார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் குண்டுமழைக்கு நடுவே திரும்பி வந்து தூக்கிவிட வேண்டும். அந்த விளையாட்டில் அவர்களுக்குப் பிடித்ததே அதுதான்.

மூன்றாம் பாகம் வெளிவரப் பல வருடங்கள் ஆயின. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த பெரியப்பா மகன் போகும்போது கொடுத்துவிட்டுப் போனான். தங்கை வரட்டும் என்று ஆனந்தராஜ் அதை உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தான்.

ஆனால் அவள் சீர்காழியிலிருந்து வந்தது விளையாடுவதற்காக அல்ல. அப்பா இறந்த பிறகு வரிச்சிக்குடி நிலத்தை அவனும் தம்பியும் பேசி மூன்று பாகமாகப் பிரித்திருந்தார்கள். நாளைக் காலை பத்திரப் பதிவு.

வாய்க்கால் தலைப்பில் இருந்த இரண்டு துண்டுகள் அவனுக்கும் தம்பி அருள்மணிக்கும். கடைமடைத் துண்டு வினிதாவுக்கு. மேலே எல்லோரும் பாய்ச்சிய பிறகு மிச்சம் இருந்தால்தான் அதுவரை தண்ணீர் போகும்.

போனில் சொன்னபோது, "சரிண்ணே" என்று மட்டும் சொன்னாள். மதியம் வந்து இறங்கியதிலிருந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் எல்லாமே நின்றுவிடும். கேட்டால் சொல்வதற்கு அவன் சில பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தான். அவள் கேட்காததால் அவையெல்லாம் நெஞ்சிலேயே கிடந்து அவனைக் களைப்பாக்கின. அதனால்தான் சாப்பாடு முடிந்த கையோடு ஜாய்ஸ்டிக்கை எடுத்து நீட்டினான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. தளபதி போலிருந்த ஒருவன் பிரெஞ்சில் நீளமாக ஏதோ உத்தரவு போட்டான்.

"என்னண்ணே சொல்றான்?"

"யாருக்குத் தெரியும்?"

"ஸ்கூல்ல பிரெஞ்சு எடுத்துத்தான படிச்ச?"

"பாஸ் பண்றதுக்குப் படிச்சதும்மா அது."

கொஞ்ச தூரம் போனதும் ஒரு சுவர் வந்தது. அவனுக்கு ஒரு வழி, அவளுக்கு ஒரு வழி. பழைய பாகங்களில் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று சுட்டார்கள். இதில் சேர்ந்து ஆடுவது என்பது பெயருக்குத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மறுபடி விழுந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனந்தராஜின் மனைவி பூங்கொடி காபி கொண்டுவந்து வைத்தாள். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். இருவரும் மறுபடி பட்டன்களை அமுக்கத் தொடங்கினார்கள்.

"முதல் ரெண்டு பாகமும் எவ்ளோ நல்லாருந்துச்சு," என்றாள் வினிதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணாம் பாகத்த மட்டும் ஏண்ணே இப்படிப் பண்ணிட்டாங்க?"

அவள் வேறு எதையாவது கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு மூச்சு திரும்பி வந்தது. உற்சாகமாகவே பேசினான்.

"எல்லாம் அலட்சியந்தான். பேருக்கு ஒண்ணு குடுத்தாப் போதும், இவங்க வாயத் தொறக்காம வாங்கிப்பாங்கன்னு நெனப்பு."

"இத வேற ஆளுங்க பண்ணிருப்பாங்களோ?"

"இல்லல்ல. முதல் ரெண்டையும் பண்ணுன அதே ஆளுங்கதான்."

"அதான் கஷ்டமாருக்கு," என்றாள்.

திரையில் பாலைவனம் வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெளுத்த தரை, ஒரு புல் பூண்டு இல்லை. எதிரிகளைக்கூடக் காணோம். வினிதா தன் சிப்பாயை நிறுத்திவிட்டு அந்தத் தரையையே பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் மொளைக்காது போல."

"சுட வந்த எடத்துல வெவசாயமா பண்ணப் போற?" என்று அவன் சிரித்தான். அவளும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அவன் தனியாகவே கடைசி வரை போய்ச் சேர்ந்தான். திரை முழுக்க வாணவேடிக்கை. தங்கையின் பக்கம் திரும்பினான். அவள் காபியைத் தொட்டிருக்கவில்லை. அதில் ஆடை கட்டியிருந்தது.

அவனுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வயதாகியும் இவள் மாறவில்லையே என்று நினைத்தான்.

"விடும்மா. இதப் போயி மனசுல வச்சுக்கிட்டு. நாளைக்கு அந்த வேல முடியட்டும். பாண்டிச்சேரி போறப்ப நல்ல கேமா வேற ஒண்ணு வாங்கியாறேன்."

வினிதா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வந்ததிலிருந்து முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"கேம் நல்லாத்தாண்ணே இருக்கு."