வலப்பக்கம் திரும்பு

முதல் கட்டத்தில் நிற்கிறாள்.

மூன்றாம் வகுப்புத் தரை முழுக்க சாக்பீஸ் கட்டங்கள். அந்தக் கோடியில் ஒரு பிளாஸ்டிக் குடம். சுற்றிலும் சம்மணம் போட்டு இருபது பிள்ளைகள்.

பெற்றோர் கூட்டம் என்றுதான் வந்தாள். கட்டட வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு. கணுக்காலில் சிமெண்ட் இன்னும் போகவில்லை.

"கம்ப்யூட்டருக்கு எப்படி வேலை சொல்றதுன்னு இன்னைக்குப் பாடம்," என்றார் டீச்சர். "நீங்கதான்க்கா மெஷின். அந்தக் குடத்துக்கிட்ட போய்ச் சேரணும். பிள்ளைங்க எழுதுன சீட்டைச் சத்தமாப் படிங்க. அதுல இருக்கறத மட்டும் செய்யுங்க. நீங்களா ஒண்ணும் யோசிக்கக் கூடாது."

"டேய், மெஷினு சேல கட்டிருக்குடா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு கைக்குச் சீட்டுகள் வந்தன.

மகள் தர்ஷிகாவின் எழுத்து. குண்டு குண்டாக.

அம்மாவான அவள் போன வருஷம்தான் எழுத்தே கற்றாள். வேலை விட்டு வந்து, சாயங்கால வகுப்பில், தூங்கி விழுந்துகொண்டு. பஸ் போர்டு படிப்பாள். அதுவும் பஸ் நின்றால்தான்.

இத்தனை பேர் முன்னால் படித்ததில்லை. மகள் முன்னால் படித்ததே இல்லை. தடுக்கினால் நாளைக்கு இந்தப் பிள்ளைகள் தர்ஷிகாவைத்தான் ஓட்டும்.

"மூ... மூன்று கட்டம் முன்னே போ."

போனாள்.

"வல... வலப்பக்கம் திரும்பு."

திரும்பினாள்.

"இரண்டு கட்டம் முன்னே போ."

எதிரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதற்கப்புறம் சுவர். குடம் முதுகுக்குப் பின்னால்.

கால் தானாகக் குடத்தின் பக்கம் திரும்பியது. பதினெட்டு வருஷப் பழக்கம். மேஸ்திரி தப்பாகச் சொன்னாலும் சித்தாள்தான் பார்த்துச் சரியாகச் செய்ய வேண்டும்.

"மெஷினுக்குக் குடம் தெரியாதுக்கா. சீட்டு மட்டும்தான் தெரியும்," என்றார் டீச்சர்.

மறுபடி சுவர்ப்பக்கம். ஒரு கட்டம். இன்னும் ஓர் அடி. மூக்கு சுவரில் இடித்தது.

வகுப்பே உருண்டு சிரித்தது.

அவள் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. திட்டு விழும் முன் அது எப்போதும் அப்படித்தான். மேஸ்திரி பிடித்த மட்டநூல் கோணலாகி, கட்டிய சுவரையே இடித்த நாளில், வசவு வாங்கியது அவள். செங்கல் எடுத்துக் கொடுத்ததற்கு. இடித்ததைச் சுமந்ததும் அவளே.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் டீச்சர்," என்றாள், சுவரைப் பார்த்தபடி.

டீச்சர் பிள்ளைகளைக் கேட்டார்.

"தப்பு எங்க இருக்கு?"

சிரிப்பு அடங்கியது. கட்டங்களை எண்ணும் முணுமுணுப்பு. அப்புறம் கொலுசுச் சத்தம். யாருடையது என்று திரும்பாமலே தெரிந்தது. சின்னக் கை ஒன்று சீட்டுகளை உருவியது.

"எங்கம்மா கரெக்டாத்தான் படிச்சாங்க டீச்சர். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அந்தக் குரலில் பயம் இல்லை. வழியில் கிடக்கும் முள்ளைக் காட்டுகிற மாதிரி, இங்கே என்று காட்டியது. பென்சில் உரசியது. 'வல' போய் 'இட' வந்திருக்கும்.

யாரும் தர்ஷிகாவை அடிக்கவில்லை. "சூப்பர்டி, கண்டுபிடிச்சிட்ட!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வேலை சொன்னவர் வாயிலிருந்து 'நான்தான் தப்பு' என்ற சொல் வந்து அம்மா கேட்டதில்லை. ஒரு நாளும். அப்படி ஒரு சொல் சொல்லலாமா? எட்டு வயசிலேயே இதைச் சொல்லித் தருகிறார்களா?

"சரிக்கா, மொதல்லேருந்து ஆரம்பிக்கலாம். திரும்பி வாங்க."

அவள் சுவரைப் பார்த்தே நின்றாள்.

"அக்கா, திரும்புங்க."

"டீச்சர், அது மெஷினு!" என்றாள் தர்ஷிகா. "சீட்டுல எழுதித் தந்தாத்தான் திரும்பும். இருங்க, எழுதறேன்."

பென்சில் மறுபடி உரசியது.

அவள் முந்தானை நுனியைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அது எந்தச் சீட்டிலும் இல்லை.