அரிசி டப்பா கூப்பிட்ட நர்ஸ்

கிட்ட வாங்க கண்ணுகளா, வரப்போகும் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன். பச்சரிசியை யாராவது அள்ளி மென்றால், இரும்புச்சத்து குறைந்துவிட்டதென்று அரிசி டப்பாவே நர்ஸைக் கூப்பிட்டுவிடும் காலம் அது.

"டப்பாவைக் காலி பண்றவ நீதானடி!" என்று மருமகள் பூங்கோதையை மூச்சு வாங்க ஏசிக்கொண்டிருந்தாள் மாமியார் சொர்ணம்.

நரம்பில் ஏற்றும் இரும்புச்சத்து மருந்து பாட்டிலோடு நர்ஸ் வந்தாள். திருட்டுப் பட்டம் உறுதியாகிவிடுமே என்று பயந்தபடி பூங்கோதை கையை நீட்டினாள்.

"உங்களுக்கு இல்லக்கா. டப்பா காட்டின கைரேகை உங்க மாமியாரோடது."

சொர்ணம் வாயிலிருந்த அரிசியை அவசரமாக விழுங்கினாள். "வெந்துடுச்சான்னு பார்த்தேன்!"

சொர்ணத்தின் நரம்பில் மருந்து இறங்கத் தொடங்கியது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டே பூங்கோதை கிசுகிசுத்தாள்: "சிஸ்டர், பாதி பாட்டில் போதும். ரத்தம் இல்லாதப்பவே இந்தப் பேச்சு. முழுசா ஏறினா எங்க வீடு தாங்காது!"

உங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் ரத்தம் ஊறட்டும், சண்டையைவிடச் சிரிப்பு ஒரு பிடி கூடவே இருக்கட்டும்.