இரண்டு விரல், பதினாலு சதவீதம்

தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். வலது கையின் மேல் போர்த்திக்கொண்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இன்சூரன்ஸ் அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் நீதிபதி. சனிக்கிழமை மக்கள் நீதிமன்றம். பின்னால் இன்னும் நாற்பது வழக்கு காத்திருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கார் தரகருடைய மொபெட்டை உரசிக்கொண்டு போனது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. டாக்டர்கள் பார்த்துப் பதினாலு சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கம்பெனிக்குக் கணக்கு சுலபம். வயது நாற்பத்தெட்டு, அதற்கென்று ஒரு பெருக்கல் எண். மாத வருமானம் பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொள்வது. அதில் பதினாலு சதவீதம்.

இரண்டு லட்சத்து அறுபதாயிரம்.

அவருடைய வக்கீல் சுகந்தி விடவில்லை.

"இவர் மாட்டுத் தரகர், ஐயா. துண்டுக்குள்ள எத்தனை விரலைப் பிடிக்கிறாங்களோ, அத்தனை ஆயிரம். விரல்தான் இவருக்குத் தொழில். இவருக்குப் போனது பதினாலு இல்ல, அறுபது."

அறுபது என்றால் பதினோரு லட்சத்துக்கு மேல்.

"வாயால பேசலாமே?" என்றார் அதிகாரி.

"வாயால பேசினா சந்தையே கேக்குமுங்க. அப்புறம் அடுத்த மாட்டுக்கும் அதே விலையில நிப்பானுங்க" என்றார் தரகர்.

"அப்ப இடது கை?"

"பீச்சாங்கையில எவனுங்க விலை வைப்பான்?" நீதிபதியே சிரித்துவிட்டார்.

கடைசியில் அதிகாரிதான் ஒரு வழி சொன்னார். "நான் துண்டுக்குள்ள ஒரு விலை வைக்கிறேன். இவருக்குத் தெரியலைன்னா அறுபதுக்குக் கம்பெனி சம்மதம். தெரிஞ்சிட்டா, பதினாலு."

நீதிபதி தலையசைத்தார்.

சுகந்தி தரகர் காதோரம் குனிந்தார். "முதல்ல அதிகாரியை நம்பரை ஒரு சீட்டுல எழுதி ஜட்ஜ் ஐயாகிட்ட குடுக்கச் சொல்றேன்."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"சீட்டு என்னத்துக்கும்மா? துண்டுக்குள்ள வச்ச விலையை மாத்திச் சொல்றவன் சந்தைக்குள்ள கால் வைக்க முடியாது. அதெல்லாம் வேண்டாம்."

கையை நீட்டினார்.

எட்டு மாதமாக அந்தக் கையை ஒருவரும் பிடிக்கவில்லை. மூளிக் கையில் வைத்த விலை விளங்காது என்று வியாபாரிகள் ஒதுங்கினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். வலிக்கிறதா என்று விசாரித்தார்கள். அப்புறம் பக்கத்துத் தரகரிடம் போனார்கள்.

அதற்கு எந்த அட்டவணையிலும் சதவீதம் இல்லை.

அதிகாரியின் கை உள்ளே வந்தது. மெத்தென்ற கை.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மூன்றையும் சேர்த்துப் பிடித்தது.

அதோடு நிற்கவில்லை. இல்லாத இரண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தையும் வளைத்து, தழும்போடு சேர்த்து ஒரு அழுத்து அழுத்தியது.

முழுக் கை. ஐந்து.

முப்பது வருஷத் தொழில். விரல் போனாலும் உள்ளங்கை மறக்கவில்லை.

ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. முகத்தில் காட்டவில்லை. காட்டிவிட்டால் அவர் என்ன தரகர்.

"என்ன விலைங்க?" என்றார் நீதிபதி.

தரகர் நெற்றியைச் சுருக்கினார். துண்டுக்குள் துழாவுகிற மாதிரி தோளை அசைத்தார். இருப்பது மூன்று விரல். அதற்கு மேல் தெரியவில்லை என்றால் யார் மறுக்க முடியும்?

"மூணு மாதிரி படுதுங்க."

சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நீதிபதி அதிகாரியைப் பார்த்தார்.

அதிகாரி கையை வெளியே எடுக்கவில்லை. முழுக் கையையும் அழுத்திப் பிடித்தபடியே சொன்னார்.

"சரியாச் சொல்லிட்டாருங்க ஐயா. மூணுதான் வச்சேன்."

மறுத்துப் பேசுங்கள் என்பதுபோல் சுகந்தி தரகர் முகத்தைப் பார்த்தார்.

என்னவென்று மறுப்பது? ஐந்து வைத்தான் என்று சொன்னால், ஐந்து தெரிந்தது என்றாகும்.

நீதிபதி பேனாவைத் திறந்தார். பதினாலு என்று எழுதுவது தலைகீழாகத் தெரிந்தது.

துண்டுக்குள் இரண்டு கையும் இன்னும் பிரியவில்லை.

அவர் முதல்முறையாக அதிகாரியை நன்றாகப் பார்த்தார். மாட்டைப் பல் பிடித்து வயது பார்க்கிற பார்வை.

"ஐயாவுக்கு எந்தச் சந்தைங்க?" என்று கேட்டார்.