ஓட்டைக் கேமரா

"இது எம் பொண்ணா, இல்ல கொடியில ஆடற துணியா? நீயே சொல்லுண்ணே!"

காதுகுத்து ஆல்பத்தை மேஜை மேல் பொத்தென்று போட்டாள் செல்லி.

பூபாலன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். குழந்தைக்கு ரெண்டு மூக்கு. தாய்மாமனுக்கு ரெண்டு வரிசை மீசை. காது குத்திய ஆசாரிக்கு முகமே இல்லை.

"அன்னிக்குப் பனிம்மா..." என்று இழுத்தார்.

"உச்சி வெயில்ல இன்னாண்ணே பனி?"

பதில் தேடுவதற்குள் அவர் மனைவி கோகிலவாணி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள்.

"அது ஓட்டைக் கேமராம்மா! பேரீச்சம்பழக்காரன்கிட்ட போட்டா அவன்கூட யோசிப்பான். இதுல எடுத்தா ரதியே வந்து நின்னாலும் ராட்சசியாத்தான் தெரிவா."

செல்லிக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது. "கேமரா அப்டி இருந்தா அண்ணன் இன்னா பண்ணும், பாவம்" என்று ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பூபாலன் ஸ்டூடியோவில் கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்துதான். யார் போட்டோவைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாலும் கோகிலவாணி முந்திக்கொண்டு கேமராவைக் கிழிகிழியென்று கிழிப்பாள். கட்டின புருஷனைத் திட்டினால்கூடப் பூபாலன் பொறுத்துக்கொள்வார். சோறு போடும் கேமராவைத் திட்டினால்?

அன்றைக்கு அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"புது மாடல் ஒண்ணு இறங்கியிருக்கு. போன்ல பார்த்தேன். எறும்பு கொட்டாவி வுட்டாகூடத் தெரியுதாம். வாங்கிடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு? இருக்கறதே போதும்."

"நீதானடி இப்ப ஓட்டைன்ன?"

"ஓட்டையா இருந்தா இன்னா? ஓடுதில்ல?"

"ஊரு பூரா அதத் திட்ற. மாத்தலாம்னா குறுக்க வுழற. உனக்கு இன்னாதாண்டி வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். புதுசு வாங்காத, அவ்ளோதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பூபாலன் அவளிடம் சொல்லாமலே வேலூர் பஸ் ஏறினார். பக்கத்தில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம், அமிர்தி வரைக்கும் பெண்டாட்டி புராணம் பாடினார்.

"வாங்கவும் வுடமாட்டா, வையறதையும் நிறுத்தமாட்டா. இப்படி ஒரு கஞ்சத்த நீ பார்த்திருக்க மாட்ட."

கேமரா கடை ஆதிநாராயணன் பல வருஷப் பழக்கம். புது மாடலை எடுத்து, பச்சைக் குழந்தையைத் தருகிற மாதிரி அவர் கையில் வைத்தார்.

"இது விசேஷமே அதாண்ணே. கை கொஞ்சம் ஆடினாலும் படம் ஆடாது. வெளிய போய் ஒண்ணு எடுத்துப் பாருங்க."

எதிர்க் கடையில் பரோட்டா மாஸ்டர் மாவு வீசிக்கொண்டிருந்தார். "அப்டியே நில்லுப்பா" என்று அவரை நிற்க வைத்து எடுத்தார் பூபாலன்.

மாஸ்டருக்கு நாலு கை. பின்னாலிருந்த போர்டில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

"இன்னாப்பா இது? புதுசும் ஓட்டையா?"

ஆதிநாராயணன் கேமராவை வாங்கி அதே மாஸ்டரை ஒரு படம் எடுத்தார். மூக்கு நுனியில் நின்ற வியர்வைத் துளிகூடப் படத்தில் முத்து மாதிரி தெரிந்தது.

பூபாலன் வெடுக்கென்று வாங்கி இன்னொன்று எடுத்தார். மறுபடி நாலு கை.

ஆதிநாராயணன் படத்தைப் பார்க்கவில்லை. பூபாலனின் விரல்களைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்கப்பாவுக்கும் இப்டித்தாண்ணே ஆரம்பிச்சது. டாக்டர்கிட்ட காட்டினோம். மருந்து குடுத்தாங்க. இப்ப பரவால்ல."

பூபாலன் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பத்து விரலும் தவில் வாசித்துக்கொண்டிருந்தன. மலைக்குளிர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். வேலூர் வெயிலில் ஏது குளிர்?

புது கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேமராவை மாட்டி நிறுத்தும் மூணு கால் ஸ்டாண்டு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பஸ் மலையேறும்போது ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். கேமராவையே அந்தக் கிழி கிழித்தவள், கோளாறு கையில் என்று தெரிந்தால் விடுவாளா? நாலு பேரைக் கூப்பிட்டு வைத்து நாறடிப்பாள். சொல்லவே கூடாது என்று முடிவு செய்தார்.

வாசலிலேயே நின்றிருந்தாள் கோகிலவாணி.

"கேமரா?"

"ஸ்டாக் இல்லியாம்."

"அது இன்னா?"

"ஸ்டாண்டு. இப்பல்லாம் இதுல வெச்சு எடுக்கறதுதான் பேஷன்."

அவள் ஸ்டாண்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நடுங்கிக்கொண்டிருந்த அவர் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட எப்ப போலாம்?"

பூபாலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாளா தெரியும்."

"தெரிஞ்சுமா கேமராவ அந்தத் திட்டு திட்டின? புதுசு வாங்கறேன்னா ஏண்டி குறுக்க வுழுந்த?"

"கேமரா பழசுன்னா அதத் திட்டிட்டுப் போய்டுவாங்க. புதுசு வாங்கிட்டா உன்னியத்தான்யா திட்டுவாங்க!"