ஐயா எழுதிய புத்தகம்

"புதுசா வர்றவங்க முதல்ல படிக்கிறதுக்கு இந்தப் புத்தகமா? மூணாவது அத்தியாயம் முழுக்கத் தப்பு சார்!" கணக்கு டீச்சர் மேசையில் ஓங்கித் தட்டியதில் எல்லார் டீயும் தளும்பியது.

பகுத்தறிவு வட்டத்தின் தலைவரான பல் டாக்டர் சிரித்தார். "நீயே வட்டத்துல சேர்ந்து நாலு கூட்டம்கூட ஆகல. அதுக்குள்ள இதை எழுதின ஐயாவுக்கே மார்க் போடுறியேம்மா!"

"யார் சொன்னாங்கன்னு பார்க்காதீங்க, சரியா சொன்னாங்களான்னு பாருங்கன்னு எல்லாருக்கும் பாடம் எடுக்கிறது நீங்கதானே? அந்த அத்தியாயத்துல இருக்கிற கணக்கை ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்!"

ஒருத்தரும் பேனாவைத் தொடவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்பி வருகிற பிள்ளைகள் அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு யோசிக்கப் பழகிவிட்டால்?

"ஐயா புனைபெயருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற மேதைம்மா," என்றார் செயலாளர். "அவரைவிட உனக்கு அதிகமா தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு!" டீச்சர் கத்தினாள். "அவரு இல்ல, அவ! அதை எழுதினப்போ எனக்கு இருபது வயசு. இப்பதான் சார் எனக்குப் புத்தி வந்திருக்கு!"